முதலாளி ஒடீலியாவும் சூப்புக் கரண்டியும்

மேடையில் ஒடீலியா சில்வெய்ரா அளவுக்குக் கெட்டவர் அந்தக் காலத்துக் கலிபோர்னியாவில் யாரும் இல்லை. ஆலை முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர், ராணுவத் தளபதி, எல்லாம் அவள்தான். வயிற்றில் தலையணை, வாயில் அட்டைச் சுருட்டு, தலையில் உயரத் தொப்பி. அவள் நடந்துவந்தால் பூங்காப் புறாக்கள், வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்துவிட்டார் என்று நினைத்துப் பறந்துபோகும். நம்பாதவர்கள் புறாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்களுடையது லாரியில் ஊர்சுற்றும் நாடகக் குழு. நான் அதில் முரசடிப்பவள். சான்பிரான்சிஸ்கோ பூங்காக்களில் கோடை முழுக்க இலவசமாக ஆடுவோம். வியட்நாம் போர் வேண்டாம், வாடகையை ஏற்றாதே, தோட்டத் தொழிலாளியை அடிக்காதே என்று ஊரில் எது புகைந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் மேடையில் எரியும். மேடை என்பது ஒரு பழைய ரொட்டி லாரியின் பக்கக் கதவு. இறக்கினால் மேடை, ஏற்றினால் வீடு. அனுமதி வாங்கவில்லை என்று ஒருமுறை போலீஸ் அள்ளிக்கொண்டு போனபோது இரண்டாம் அங்கத்தை அவர்கள் வண்டிக்குள்ளேயே ஆடி முடித்தோம். முடிவு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கலாம் என்றார் ஒரு காவலர்.

எங்கள் குழுவில் இயக்குநர் கிடையாது, தலைவர் கிடையாது. வேஷங்களை முறைபோட்டு மாற்றிக்கொள்வோம். எந்த முடிவுக்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கூட்டத்தில் சூப்புக் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. லாரிக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் லாரி தானாகவே துருப்பிடித்து ஒரு வண்ணத்துக்கு வந்துவிட்டது.

ஒடீலியா எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. லோமா செக்கா என்ற தக்காளி ஊரில், தக்காளியை டின்னில் அடைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. உறவுக்காரக் கல்யாணத்துக்கு நகரம் வந்தவள் பூங்கா வழியாகப் போகும்போது எங்கள் நாடகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். முதலாளியாக நடித்தவனின் நடை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், மொதலாளி அப்படியா நடப்பான்? பூமியே அவன் வாங்கிப் போட்டதுங்கற மாதிரில்ல நடப்பான்! தள்ளு, நான் காட்டறேன்."

காட்டினாள். கல்யாணத்துக்கும் போகவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து மற்ற வேஷமெல்லாம் முறைபோட்டு மாறும், முதலாளி வேஷம் மட்டும் மாறாது. சமத்துவம் பேசும் குழுவில் ஒரே ஒரு நிரந்தரப் பதவி! சனங்கள் அவளைப் பார்த்து ஊளையிடுவார்கள், தக்காளி எறிவார்கள். நசுங்காததைப் பொறுக்கி ராத்திரிச் சூப்பில் போடுவாள். அந்த வருஷங்களில் நாங்கள் காய்கறி வாங்கியதாக நினைவே இல்லை.

ஒரே ஒரு குறை அவளுக்கு. ஊரில் அவளுடைய அக்கா லெயொனோர் அதே ஆலையில் இருந்தாள். தங்கை வேலையை விட்டு ஓடியதுகூடப் பெரிதில்லை, ஓடிப்போய் முதலாளி வேஷம் கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். தொலைபேசியில் ஒடீலியாவின் குரல் கேட்டால் அந்தப் பக்கம் டொக்கென்று வைத்துவிடுவாள்.

அந்த ஆலையில் பெண்கள் கழிப்பறைக்குப் போகவும் மேஸ்திரியிடம் கெஞ்ச வேண்டும் என்று ஒரு கோடையில் செய்தி வந்தது. அங்கே போய் ஆடுவோம் என்று முடிவானது. கரண்டி ஒடீலியாவின் கைக்கு வந்தது.

"இந்த ஒரு தடவ நான் தொழிலாளியா நிக்கறேன். எங்கக்கா கூட்டத்துல இருப்பா. அவ கண்ணு முன்னாடி மொதலாளியா நின்னேன்னா இந்த ஜென்மத்துல அவ எங்கிட்டப் பேச மாட்டா."

யாருக்கும் மறுக்க மனசு வரவில்லை. முதலாளி வேஷம் வின்ஸ்லோவுக்குப் போனது. கிழக்கே எங்கேயோ ஒரு நீதிபதியின் பிள்ளை, தங்கமான பையன். கொசுவை அடிப்பதற்கு முன்னால் அதனிடம் மன்னிப்புக் கேட்பவன்.

லோமா செக்காவில், மாதா கோயில் பக்கத்துக் காலியிடத்தில் லாரிக் கதவை இறக்கினோம். ஆலைப் பெண்கள் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்தார்கள். லெயொனோர் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. தலையில் முக்காடும் இடுப்பில் ஏப்ரனுமாக ஒடீலியா மேடையேறினாள். வின்ஸ்லோ தலையணை வயிறோடு வந்து நின்றான்.

"நீங்க... கொஞ்சம் வேகமா வேல செஞ்சா நல்லாயிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கச் சொன்னாள்: "இப்படி ஒரு மொதலாளி கெடச்சா நான் தெனமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துவேண்டி!"

கூட்டம் சிரித்தது. பிறகு கொட்டாவி விட்டது. நான் முரசை ஓங்கி ஓங்கி அடித்தும் பயனில்லை. இரண்டு பேர் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார்கள். ஒடீலியா எதிர்த்துப் பேசவேண்டிய வசனத்தில் நின்றாள், ஆனால் எதை எதிர்ப்பது? வின்ஸ்லோ அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அக்காவும் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். இப்படியே முடிந்தால் ஊர்ப் பெண்களுக்கு இந்த நாடகத்தால் ஒரு பைசா பிரயோசனமில்லை. முதலாளியைக் கொண்டுவந்தால் நாடகம் பிழைக்கும், அக்கா ஒரேயடியாகப் போய்விடுவாள்.

முக்காட்டைக் கழற்றி என் முரசுமேல் எறிந்தாள். வின்ஸ்லோவின் வயிற்றிலிருந்து தலையணையை உருவினாள், தொப்பியைப் பறித்தாள். அட்டைச் சுருட்டு லாரிக்குள் எங்கேயோ கிடந்ததால், அடுப்பில் இருந்த சூப்புக் கரண்டியை எடுத்து ஆட்டிக்கொண்டே பூமியைத் தானே வாங்கிப் போட்டவள் மாதிரி நடந்துவந்தாள்.

"எங்கடி எந்திரிக்கிறீங்க? மணி அடிச்சுதா? மூத்திரமா? வீட்லயே போயிட்டு வரதுக்கென்ன? தக்காளி ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? ஒங்கள விட தக்காளிக்கு மரியாத ஜாஸ்தி, தெரியுமில்ல?"

கிளம்பியவர்கள் நின்றார்கள். ஊளை கிளம்பியது. தக்காளி ஊர் அல்லவா, எறிவதற்குப் பஞ்சமா? ஒன்று தொப்பியைத் தட்டிவிட்டது. ஒடீலியா அசரவில்லை.

"எறிங்க! அதையும் சம்பளத்துல புடிச்சுக்கறேன்!"

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு லெயொனோர் வந்தாள். கோபத்தில் முகம் அவள் அடைக்கும் சரக்கின் நிறத்தில் இருந்தது. மேடையில் ஏறினாள், தங்கையின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். அவளுக்கு எங்கள் குழு வழக்கமெல்லாம் தெரியாது. அடிக்கத்தான் பிடுங்கினாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒடீலியாவுக்குப் பழக்க தோஷம். கரண்டி கையைவிட்டுப் போனதும் வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

முதலாளி வாயடைத்து நிற்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. சத்தம் அடங்கிவிட்டது. லெயொனோர் கரண்டியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், பிறகு பேச ஆரம்பித்தாள்.

"கக்கூசுக்கு நான் கேட்டுட்டுப் போக மாட்டேன். எங்கம்மா கூட என்னைக் கேட்க வெச்சதில்ல. நீ யாருய்யா?"

அடுத்தவள் மேலே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு பேசினாள், அப்புறம் இன்னொருத்தி. எழுதிவைத்திருந்த கடைசிக் காட்சிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முதலாளி தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மௌனமாகக் கேட்டாள். அவள் கன்னத்தில் வழிந்தது முழுக்கத் தக்காளிச்சாறுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்கள் எல்லோரும் ஒன்றாக, யாரையும் கேட்காமல், பாதி வேலையில் கழிப்பறைக்கு நடந்துபோனார்களாம். இயந்திரம் நிற்கவில்லை. தக்காளி வழிந்து வாசல் தாண்டி, சாலை தாண்டி, மேஸ்திரியின் காரை மாதா கோயில் வரைக்கும் மிதக்கவிட்டுக் கொண்டுபோய்விட்டதாம். கார் விஷயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யாரும் கெஞ்சவேண்டி இருக்கவில்லை என்பதைக் குறைக்காதீர்கள்.

நாடகம் முடிந்த அன்று சாயங்காலம் நாங்கள் லாரிக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தோம். லெயொனோர் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கரண்டியும் அவளிடம்தான் இருந்தது, ஆகவே ஒடீலியா பேசவில்லை.

"பெரிய மொதலாளி," என்றாள் அக்கா. "மூஞ்சியத் தொடச்சுட்டு வீட்டுக்கு வா. கீர சூப்பு வெச்சிருக்கேன். அந்தச் சோணகிரிப் பையனையும் கூட்டிட்டு வா, பாவம்."

கரண்டியை அவள் திருப்பித் தரவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாமா என்று பேச அடுத்த வாரம் கூட்டம் போட்டோம். கரண்டி இல்லாமல் யார் முதலில் பேசுவது என்று தெரியாததால் எல்லோரும் ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தோம்.