காப்பியில் ஊறிய சோழர் காலம்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் பழங்கால டிசைன் நகைக் கடை வைத்திருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, மலைக்கு வருகிற டூரிஸ்டுகளுக்குச் சரித்திரப் பாடம் எடுப்பது நான்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று தட்டுகள்: வெள்ளைக்காரன் காலம், நாயக்கர் காலம், சோழர் காலம். மூன்றுமே சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற புத்தம்புது கவரிங். கவரிங்கா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள்தான் குறைவு.

காலத்தை நிர்ணயிப்பது காப்பித்தூள். எஸ்டேட்டில் கழிக்கிற தூளை வாங்கி, கெட்டியாக டிகாஷன் போட்டு, கொஞ்சம் புளியும் விளக்குக் கரியும் கலந்து, நகைகளை அதில் ஊறப்போடுவேன். ஒரு நாள் ஊறினால் வெள்ளைக்காரன். மூன்று நாள் ஊறினால் நாயக்கர். போட்டதையே ஒரு வாரம் மறந்துவிட்டால் சோழர். அரும்பு வைத்தால் இன்ன காலம், மாங்காய் வைத்தால் இன்ன காலம் என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பேசியதில், என் பேச்சை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பக்கத்தில் வெள்ளக்கடை கிராமத்தில் காப்பியும் மிளகும் பயிர் போட்டிருக்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். பலா பழுத்தால் எனக்கொரு பங்கு வந்துவிடும். மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொக்கி விட்டுப்போன மாங்காய் அட்டிகை ஒன்றைக் கொண்டுவந்தார். அசல் தங்கம். மாமியார் கழுத்திலிருந்து அவர் கழுத்துக்கு வந்தது.

"தாலி கட்டறதுக்கு முந்தி இதை நாந்தான் அவ கழுத்துல போட்டுவிடோணும் அம்மணி. எங்கூட்டு வழக்கம். இது இல்லாம மணையில உக்கார வைக்க முடியாதுங்க" என்றார்.

பூந்திக்கொட்டை போட்டுக் கழுவியிருந்தார். நேற்றுச் செய்தது போலப் பளபளத்தது. பழைய நகையை இப்படியா கெடுப்பது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

கொக்கியை மாற்றினேன், சேலத்துக் கவரிங்கில் வருகிற அதே கொக்கிதான். அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கென்று அதே மாங்காய் டிசைனில் இருபத்திரண்டு அட்டிகைகள் சேலத்திலிருந்து வந்திறங்கின. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அசலுக்கு வேலைப்பாடு போதாது என்றுகூட எனக்குத் தோன்றியது. என் கொழுப்பு அப்படி. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் கூட்டம் கடைக்குள் நுழைந்தது. மேசையில் கிடந்ததை அவசரமாக வாரி டிகாஷன் பக்கெட்டில் போட்டேன். அக்காவின் அட்டிகையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியதாக நினைப்பு வேறு.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அக்கா வந்தார். பெட்டியைத் திறந்தேன். காலி. பக்கெட்டைக் கவிழ்த்தேன். கன்னங்கரேலென்று இருபத்துமூன்று சோழர்கள் விழுந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, இதுல எது நம்முளுது?"

பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஒன்றை நீட்டினேன். "இதுதாங்க்கா. வேலைப்பாட்டைப் பாருங்க, சந்தேகமே வேண்டாம்."

"இது இல்லீங்க" என்றார் அக்கா, கையில் வாங்கிய உடனே.

எல்லாவற்றுக்குள்ளும் அரக்கு அடைத்திருந்ததால் எடையிலும் வித்தியாசம் தெரியவில்லை. உரசிப் பார்க்கலாம் என்றால் ஆசாரி சேலத்தில் இருக்கிறார், சாயங்காலம் பெண்ணழைப்பு. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ளகிட்ட நான் என்னங்க சொல்லுவேன்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போனார். பூந்திக்கொட்டையோடு திரும்பி வந்து, கடை வாசல் குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். சோழர் காலத்து அட்டிகை எடுத்து வைப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்த பெங்களூர்க்கார அம்மாள் சரியாக அப்போது வந்து சேர்ந்தார். என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்று பார்த்தார். பத்தே நிமிடத்தில் சோழர் ஆட்சி முழுக்கச் சாக்கடையில் போனது.

இப்போது இருபத்துமூன்றும் ஒரே மாதிரி பளபளத்தன. போச்சுடா என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்து, நடு மாங்காயைக் கட்டைவிரலால் தடவித் தடவிக் கீழே வைத்தார். பதினான்காவதில் விரல் நின்றது.

"இதாணுங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

வாங்கிப் பார்த்தேன். மாங்காயின் ஓரத்தில் அரிசி அளவுக்கு இரண்டு பள்ளங்கள். கொக்கி மாற்றிய அன்று இதே கையில் அரை மணி நேரம் வைத்திருந்தும் அவை என் கண்ணில் படவில்லை.

பெங்களூர் அம்மாளும் எட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கே. இது எந்தக் காலம்?" என்று வழக்கம்போல என்னிடம்தான் கேட்டார். நான் அட்டிகையை அக்காவிடம் நீட்டினேன்.

"நாளைக்குக் கல்யாணம் ஆவுது பாருங்க எம் புள்ள, அவளுக்குப் பல்லு மொளைச்ச காலமுங்க" என்றார் அக்கா. "மடியில வச்சிருந்தேன். நறுக்குனு கடிச்சுப்போட்டா."