இன்ஜின் பெட்டி மேல் அஜிதா

வேகத்தடை வருகிற இடத்தில் அஜிதா முற்றுப்புள்ளி வைப்பாள். புத்தகத்தில் அங்கே புள்ளி இருக்காது. வேன் ஏறி இறங்கிப் பிள்ளைகளின் தலைகள் ஆடி அடங்கியதும், விட்ட சொல்லைப் பிடித்து மறுபடி தொடங்குவாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மெத்தை போட்டு மூடிய இன்ஜின் பெட்டிதான் அவளுடைய இடம். சாலைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வலது கையில் புத்தகம், இடது கையில் நகத்தால் கீறிய எலுமிச்சம்பழம். ஓடுகிற வண்டியில் எழுத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை பழத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "அப்பொறம் கேளுங்கோ" என்பாள்.

கருங்கல் சாலையில் இருக்கிற ஓர் ஆங்கில வழிப் பள்ளியின் வேன் அது. தேங்காப்பட்டணத்தில் கிளம்பி, பைங்குளம் வழியாகப் புதுக்கடை வந்து, ஊடுவழியெல்லாம் சுற்றிப் பள்ளி போய்ச் சேர ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகும். பிள்ளைகள் பதினாலு பேர். அவர்களை ஏற்றி, இறக்கி, பையை வாங்கி, தண்ணீர்க் குப்பியை எண்ணி, ஷூ கயிறு கட்டிவிடுவது அஜிதாவின் வேலை. பிள்ளைகள் 'ஆயாம்மா' என்று கூப்பிடுவார்கள். "முப்பத்தாறு வயசில நான் ஆயாவா?" என்று முதல் மாதம் சண்டை பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து அதிகம் வருகிற வாசகம், "கைய உள்ள எடு மக்கா."

வாசிப்பு தொடங்கியது வாந்தியால். இரண்டு வருடத்துக்கு முன்பு யூ.கே.ஜி.யில் இருந்த லட்சுமிப்ரியா, பைங்குளம் தாண்டி வருகிற இரட்டை வளைவில் தினமும் வாந்தி எடுப்பாள். அஜிதா பழைய துணியும் பிளாஸ்டிக் வாளியும் வைத்திருந்தாள். இஞ்சி மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள், ஜன்னல் ஓரம் மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. ஓட்டுநர் ஞானசிங்குக்கு வண்டிதான் உயிர். "சீட்டெல்லாம் நாறுது அஜிதா, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணு" என்று தினமும் முனகுவார். ஒருநாள் வளைவு நெருங்கும்போது, வேறு வழி தெரியாமல், ரயில் ஓட்ட ஆசைப்பட்ட ஒரு நண்டின் கதையை வாய்க்கு வந்தபடி அஜிதா சொல்லத் தொடங்கினாள். நண்டுக்கு முன்னால் நடக்கத் தெரியாதே, ரயிலை எப்படி நேராக ஓட்டும் என்று லட்சுமிப்ரியா யோசித்துக்கொண்டிருந்தபோது வளைவு கடந்துபோயிருந்தது. வாளி காலியாகவே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றே நாளில் அஜிதாவின் கைவசம் இருந்த கதைகள் தீர்ந்தன. நாலாவது நாள் சாயங்காலம் புதுக்கடையில் இறங்கி, அதுவரை வெளியே நின்று மட்டும் பார்த்திருந்த கிளை நூலகத்துக்குள் நுழைந்தாள்.

"எனக்குக் கதைப் புத்தகம் வேணும் சார். சின்னப் பிள்ளையளுக்கு உள்ளது."

"உங்க பிள்ளைக்கா?" என்று நூலகர் கேட்டார்.

"பதினாலு பிள்ளைக்கு."

நூலகர் நிமிர்ந்து பார்த்துவிட்டு உறுப்பினர் படிவத்தை எடுத்து நீட்டினார். முன்பின் யோசிக்காமல் கேட்டு வாங்கிவிட்டாளே தவிர, வாசிப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று நின்றவள். அதற்குப் பிறகு ரேஷன் கடைப் பலகைக்கும் பேருந்துப் பெயர்ப் பலகைக்கும் மேல் எதையும் வாசித்ததில்லை. முதல் நாள் வேனில் ஒரு வரி விட்டு ஒரு வரி தாவினாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அஜிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே எழுந்தாள். ஒரு பக்கம் தோசை வேகும், மறுபக்கம் அவள் புத்தகத்தை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து உரக்க வாசிப்பாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் அஸ்வதி பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நியூஸ் வாசிக்கிய மாதிரி இருக்கு. ஆடு பேசினா ஆடு மாதிரிப் பேசண்டாமா?"

"ஆடு எப்பிடிட்டி பேசும்?"

"அது உனக்குத்தான் தெரியணும்."

அஜிதா யோசித்தாள். வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ஆட்டைப் போய் நின்று பார்த்துவிட்டும் வந்தாள். அடுத்த நாள் வேனில் ஆடு மூக்கால் பேசியது, புலி தொண்டையால் பேசியது, ராஜா புதுக்கடைச் சந்தை வியாபாரி போலப் பேசினார். பிள்ளைகள் கொட்டாவியை மறந்தார்கள். பாட்டுப் போடுவதில் ஞானசிங்குக்கு இருந்த பிடிவாதமும் ஒரு மாதத்தில் கரைந்தது. முதலில் புதுக்கடை வரைக்கும் பாட்டு, அப்புறம் கதை என்று பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் நண்டுக் கதையை மறுபடி கேட்ட ஒருநாள் அவரே பாட்டை நிறுத்திவிட்டு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த நண்டு டிக்கெட் எடுத்துதா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

வினை அதற்குப் பிறகு வந்தது. பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்றார்கள். அவரவர் வீட்டு வாசலில் வேன் நிற்கும். "இந்த ஒரு பக்கம் ஆயாம்மா, இந்த ஒரே ஒரு பக்கம்" என்று கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடம், இன்னொன்றில் ஒரு நிமிடம் என்று சேர்ந்து, கடைசி வீடுகளுக்கு வேன் எட்டு நிமிடம் தாமதமாக வந்தது. பைங்குளத்தில் டெல்வின் என்று நாலாம் வகுப்புப் பையன். அவன் அப்பா துபாயில். அம்மா ஜெஸ்பின் தனியாக வீட்டையும் தையல் கடையையும் பார்த்துக்கொள்கிறவள். அவன் இறங்கியதும் இந்தி வகுப்புக்குக் கொண்டுபோக ஆட்டோ காத்திருக்கும். நாலு நாள் வகுப்பு தவறியது. ஜெஸ்பின் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தாள். வண்டி தாமதம் என்று மட்டும் எழுதவில்லை. இங்கிலீஷ் படிக்கத்தான் பிள்ளையை அனுப்புகிறோம், வேனில் தமிழ்க்கதை கேட்க அல்ல என்றும் எழுதியிருந்தாள்.

பிரின்சிபால் கூப்பிட்டு விட்டார். கோபமாகப் பேசுகிறவர் அல்ல. அதுதான் அஜிதாவுக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளைகளப் பத்திரமா பாத்துக்கிறதுதான் உங்க வேலை, அஜிதா. வாசிச்சுக் குடுக்க டீச்சர் இருக்காங்க. இனிமே நீங்க வேன்ல வாசிக்கக் கூடாது. இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா நான் வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும்."

"சரி மேடம்."

ஞானசிங்கையும் கூப்பிட்டுச் சொன்னார். "அவங்க வாசிச்சா எனக்குச் சொல்லணும்."

அஜிதா வெளியே வந்து குழாயடியில் தண்ணீர் குடித்தாள். கணவன் பகவதியப்பனுக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலை பராமரிக்கிற வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். அன்றைக்குப் போனில் சொன்னபோது, "விட்டிரு. வேல கெடைக்காம நாம அலைஞ்சது மறந்து போச்சா? என்னத்துக்கு வம்பு?" என்றான்.

"வாந்தி எடுக்காத பிள்ளைய இனி வாந்தி எடுக்க வைக்கணுமா?" என்று கேட்டாள் அஜிதா. கேட்டாளே தவிர, வழி அவளுக்கும் தெரியவில்லை.

மூன்று நாள் வேன் பழையபடி ஓடியது. ஞானசிங் பாட்டுப் போட்டார். யாரும் கேட்கவில்லை. பின்சீட்டில் இரண்டு பேர் பென்சில் பெட்டியால் அடித்துக்கொண்டார்கள். பாதியில் நின்ற கதையில், பூட்டிய வீட்டுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி மாட்டிக்கொண்டு கிடந்தது. "அது வெளிய வந்துதா ஆயாம்மா? எதாவது தின்னுதா?" என்று ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் கேட்டது. மூன்றாவது நாள் இரட்டை வளைவில் லட்சுமிப்ரியா வாந்தி எடுத்தாள். சீட்டைத் துடைத்துக்கொண்டு குனிந்திருந்தபோதுதான் அஜிதாவுக்கு அது தோன்றியது.

நாலாவது நாள் காலை பைங்குளத்தில் டெல்வின் ஏறினான். வேனிலேயே மூத்தவன் அவன்தான். அஜிதா புத்தகத்தை விரித்து அவன் மடியில் வைத்தாள்.

"எனக்குத் தமிழ் வராது ஆயாம்மா. ஐம்பதுக்குப் பதினொண்ணு."

"வந்த வரைக்கும் வாசி மக்கா. ஆட்டுக்குட்டி பட்டினி கெடக்கு."

டெல்வின் விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். வேன் புதுக்கடை வந்து சேர்வதற்குள் நாலு வரி. ஒரு சின்னப் பயல் சிரித்தான். அஜிதா பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஐந்தாவது வரியில் டெல்வின் முழுதாக நின்றுவிட்டான். 'தா' வந்தது, அதற்கு அப்பால் போகவில்லை. வேனில் இருந்த எல்லா முகமும் அஜிதாவைப் பார்த்தன. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வலது கையைத் தூக்கி, காற்றில் எதையோ பிடித்து, பக்கவாட்டில் இழுத்துக் காட்டினாள்.

"கதவு?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் இழுத்தாள்.

"தாழ்ப்பாள்!" என்று கத்தினான் டெல்வின். வேன் முழுக்கக் கைதட்டியது.

ஞானசிங் பாட்டை நிறுத்தினார். "அஜிதா, மேடம் என்ன சொன்னாவ?"

"நான் வாசிக்கப்படாதுன்னு சொன்னாவ. நான் வாசிச்சனா? வாயத் தொறந்தனா?"

"இல்ல."

"பிள்ளையள் வாசிக்கப்படாதுன்னு சொன்னாவளா?"

"சொல்லேல்ல" என்றார் ஞானசிங். பிறகு பாட்டுப் போடவில்லை.

ஜெஸ்பினின் புகாரில் பாதி நியாயம் என்று அஜிதாவுக்குத் தெரியும். தாமதம் தாமதம்தான். அதனால் ஓர் ஏற்பாடு செய்தாள். எந்த வீடு வருகிறதோ அந்தப் பிள்ளையின் பையையும் குப்பியையும் முந்தைய நிறுத்தத்திலேயே கதவருகே கொண்டுவந்து வைத்துவிடுவாள். ஷூ கயிறு, குடை, மழைக்கோட்டு எல்லாம் வண்டி நிற்கும் முன்பே சரியாக இருக்கும். வேன் நின்றால் பிள்ளை இறங்க வேண்டியதுதான். வாசித்துக்கொண்டிருந்தவர் இறங்கினால் புத்தகம் அடுத்தவர் கைக்குப் போகும். இரண்டே வாரத்தில் எட்டு நிமிடத் தாமதம் போய், வேன் நாலு நிமிடம் முந்தி வரத் தொடங்கியது.

அப்படி முந்தி வந்த ஒரு சாயங்காலம், பைங்குளத்தில் டெல்வினின் வீட்டு முன்னால் வேன் நின்றது. ஆட்டோ இன்னும் வரவில்லை. கதையோ முடிய ஒரு பக்கம். நேரம் மிச்சம் இருக்கிறது என்று அஜிதாவும் அவனை இறக்காமல் விட்டாள். டெல்வின் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே போனான். படீரென்று கதவு திறந்தது. வெளியே ஜெஸ்பின், கழுத்தில் அளவு நாடாவோடு. ஒரு காலைப் படியில் வைத்து ஏறி, மகன் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

வேலை போயிற்று என்றே அஜிதா நினைத்தாள்.

டெல்வின் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டி மூக்கால் பேசியது. வீட்டுக்காரர் பெருங்குரலில் மன்னிப்புக் கேட்டார். இரண்டு இடத்தில் தடுக்கினான், தானே திருத்திக்கொண்டான். கடைசி வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இது ஆரு படிச்சுத் தந்தது?" என்று ஜெஸ்பின் கேட்டாள்.

"ஆரும் இல்லம்மா. ஆயாம்மா வாயே தொறக்க மாட்டாவ."

ஜெஸ்பின் அஜிதாவைப் பார்த்தாள். அஜிதா குப்பியை எடுத்து நீட்டி, "இன்னைக்குத் தண்ணி குடிக்கவே இல்ல, கேட்டியளா. வீட்டுல போய்க் குடிக்கச் சொல்லுங்க" என்றாள். ஜெஸ்பின் அதை வாங்கிக்கொண்டு மகனோடு போனாள். அந்த வாரம் முழுக்க அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்று அஜிதா காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஜெஸ்பின், ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்குப் போய், "அந்தப் புத்தகம் எங்கண்ணே கெடைக்கும்?" என்று ஞானசிங்கிடம் மெதுவாகக் கேட்டது மட்டும் அஜிதாவின் காதில் விழுந்தது.

இதெல்லாம் போன வருடம். தடையை யாரும் எடுக்கவும் இல்லை, யாரும் நினைவூட்டவும் இல்லை. இப்போது புத்தகம் வேனுக்குள் கைமாறி ஓடுகிறது. டெல்வின் ஐந்தாம் வகுப்பு. லட்சுமிப்ரியா இரண்டாம் வகுப்பு. தன் முறை வரும்போது ஒரு வரி கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒன்பது பிள்ளைகள் நூலகத்தில் உறுப்பினர்கள். அஜிதா பிள்ளைகள் ஏறுவதற்கு முன்பு தனக்காக நாலு பக்கம் வாசித்துக்கொள்வாள், எலுமிச்சம்பழத்தோடு. மற்ற நேரமெல்லாம் கையால்தான் பேச்சு. 'வௌவால்' என்று வந்தால் தலையைக் கீழே தொங்கப்போட்டுக் காட்டுவாள்.

இந்த ஜூனில் எல்.கே.ஜி.யில் அபிஷா என்று ஒரு பிள்ளை சேர்ந்தது. தேங்காப்பட்டணத்தில் கடைசி வீடு. சாயங்காலம் மற்ற எல்லாரும் இறங்கிய பிறகு ஏழு நிமிடம் அவள் மட்டும்தான். இன்னும் அ, ஆ கூடத் தெரியாது. வாசித்துக் காட்ட ஆள் இல்லாத அந்த ஏழு நிமிடமும் காலி சீட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வியாழக்கிழமை லட்சுமிப்ரியா இறங்கும்போது புத்தகத்தை அபிஷாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வேன் நகர்ந்ததும் அபிஷா அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வண்டி ஓடும்போ எழும்பப்படாதுன்னு சொன்னேன்லா" என்று அஜிதா ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

அபிஷா புத்தகத்தை அஜிதாவின் மடியில் வைத்தாள். "நீ வாசி."

அஜிதா கையால் ஏதோ காட்டப் பார்த்தாள். பிள்ளை அந்தக் கையைப் பிடித்துப் புத்தகத்தின் மேல் வைத்தது. "வாயால வாசி."

அஜிதா நிமிர்ந்து ஞானசிங்கைப் பார்த்தாள். அவள் வாசித்தால் மேடத்திடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். முன்கண்ணாடிக்கு மேலே, வேனின் உள்பக்கம் முழுவதையும் ஓட்டுநருக்குக் காட்டுகிற நீளக் கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிந்தன. இரண்டு மூன்று தென்னை மரங்கள் பின்னால் போயின. பிறகு இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, அந்தக் கண்ணாடியை மேற்கூரை பார்க்கத் திருப்பிவிட்டார்.