கம்பியைப் பிடித்தபடி ஒரு வாக்கெடுப்பு

அன்றைய நிகழ்ச்சிநிரலில் ஐந்தாவது விடயம், நான் வேலைக்கு வந்து போகிற பஸ்ஸை நிறுத்துவதா வேண்டாமா என்பது. அதைத் தட்டெழுதிப் பிரதி எடுத்து, அங்கத்தவர்கள் பதினொரு பேரின் மேசையிலும் ஒழுங்காக வைத்தவளும் நான்தான்.

மாவட்டச் சபை அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பார்கள், "அக்கா, இஞ்சை எப்பவும் இப்பிடிச் சப்பெண்டுதான் இருக்குமோ?" என்று. ஓம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்த ஒரு நாளைத் தவிர.

1. எங்கள் கச்சேரி

ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் வந்தால் எங்கள் மாவட்டம். சீனி எடுக்கிற கிழங்கும் மாடும் மழையும்தான் இங்கே விளைச்சல். யாழ்ப்பாணத்தில் மாவட்ட அரச அலுவலகத்தைக் கச்சேரி என்போமே, அதுபோன்ற ஒரு செங்கல் கட்டடத்தில் என் வேலை. வீதி, போக்குவரத்துக் குழு கூடும்போது குறிப்பெழுதுவது என் பொறுப்பு. எந்த மதகு உடைந்திருக்கிறது, பனிக்காலத்து வீதிக்கு எவ்வளவு உப்பு வாங்குவது, எந்தச் சந்தியில் கண்ணாடி வைப்பது. இவைதான் வழக்கமான அலுவல்கள். ஒரு மதகுக்கு இரண்டு கூட்டம் நடந்ததும் உண்டு.

குறிப்பெழுதுகிறவருக்கு வாய் கிடையாது. முகமும் இருக்கக் கூடாது. யார் என்ன உளறினாலும் ஆமாம் என்றோ ஐயோ என்றோ முகம் காட்டாமல் எழுத வேண்டும். மற்ற நாட்களில் அது எனக்குச் சுலபம். ஆனால் அந்த பஸ் என் பிழைப்பு. நான் இருப்பது வழித்தடத்தின் கடைசிக் கிராமத்தில். கார் ஓட்டுகிற பரீட்சையில் நான்கு தரம் விழுந்தவள். நான்காம் தரம் பரீட்சகரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு பஸ்தான் நல்லது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ் நின்றால் நான் வேலையை விட வேண்டும். பஸ்ஸின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. குழு அதை நீடித்தால்தான் அடுத்த மாதம் பஸ் வரும்.

குழுவில் தலைவி உட்பட ஐந்து பேர் பஸ்ஸுக்கு ஆதரவு, ஆறு பேர் எதிர்ப்பு. எதிர்ப்புக்குத் தலைவர் ஹெர் வோலர், நம் வழக்கில் திரு வோலர். பெரிய மாட்டுப்பண்ணைக்காரர். பக்கத்துக் கிராமத்தின் தொண்டர் தீயணைப்புப் படைக்கும் அவரே தலைவர். அவருடைய வாதம் எப்போதும் ஒன்றுதான். அவர் ஜேர்மன் மொழியில் சொன்னதை என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"வெறும் தகரம் ஓடுது. உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. நான் என்ர காருக்குள்ளை இருந்து ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

அந்த வெறும் தகரத்துக்குள் இருந்து நானும் ஒவ்வொரு நாளும் அவருடைய காரைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

2. குளவியும் சட்டமும்

கூட்ட மண்டபத்தில் ஜன்னல் திரை சுருண்டு ஏறும் பெட்டிக்குள் அந்தக் கோடையில் குளவி கூடு கட்டியிருந்தது. சின்னக் குளவி இல்லை, பெருவிரல் பருமன். ஊரில் என்றால் ஒரு பந்தம் கொளுத்தி அலுவலை முடித்திருப்பார்கள். ஜேர்மனியில் இந்தக் குளவிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூட்டை அகற்ற அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி கொடுப்பது யார்? எங்கள் மாவட்டத்தின் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. அது எங்கே? எங்களுக்கு மேல்மாடியில்.

ஆகவே மாவட்டம் மாவட்டத்துக்கு விண்ணப்பம் எழுதியது. நான்தான் எழுதினேன். மேல்மாடியிலிருந்து ஹெர் ஃபிங்க் இறங்கி வந்து, கூட்டை அன்போடு பார்த்துவிட்டு, எழுத்தில் பதில் அனுப்பினார்: போதிய காரணம் இல்லை, குளவிகளுக்கு இடையூறு இல்லாதபடி கூட்டம் நடத்த முடியுமா என்று முதலில் பரிசீலிக்கவும்.

கூட்டத்தன்று அவரும் வந்து கூட்டுக்குக் கீழே காவலாக நின்றார்.

"கையைக் காலை வீசாதேங்கோ. மேசையிலை தட்டாதேங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

இந்த நாட்டில் ஒரு பேச்சு பிடித்திருந்தால் கைதட்ட மாட்டார்கள், மேசையைத்தான் தட்டுவார்கள். முதல் மதகுக்கே இரண்டு பேர் மறந்துபோய்த் தட்டிவிட்டார்கள். குளவிகள் வெளியே வந்தன.

3. புகை

குழுத் தலைவி ஃபிராவ் லின்டமன், அதாவது திருமதி லின்டமன், தேனீ வளர்க்கிறவர். தேனீக்குப் புகை காட்டினால் அடங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. புகைபோடும் தகரக் குவளை அவருடைய காரிலேயே கிடந்தது. எரிக்கத்தான் ஒன்றும் இல்லை.

"உங்களிட்டை ஏதும் இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கிய சாம்பிராணி என் பையில் இருந்தது. அதிகாரி கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே? கொடுத்தேன். ஹெர் ஃபிங்க் "குளவி தேனீ இல்லை!" என்று கத்துவதற்குள் மண்டபம் முழுக்க நல்லூர்க் கோயில் வாசம் எழும்பிவிட்டது. குளவிகளுக்குப் பக்தி வரவில்லை, கோபம்தான் வந்தது. கூரையில் இருந்த புகை மணியும் அலறத் தொடங்கியது.

அதே கணத்தில் ஹெர் வோலரின் இடுப்பில் தீயணைப்புப் படை அழைப்புக் கருவி கீச்சிட்டது.

"தீ! எங்கையோ தீ!" என்று அவர் துள்ளி எழும்பினார். மணி அடிப்பது அவருடைய தலைக்கு மேலே. ஆனால் அழைப்பு வந்தால் முதலில் படை நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. மனிதர் புகைக்குள்ளிருந்து வெளியே ஓடி, காரில் ஏறி, தன் கிராமத்துக்குப் பறந்தார். நாங்கள் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்கையில், தலைக்கவசமும் தடித்த உடுப்புமாய்ச் சிவப்பு வண்டியில் சங்கு ஊதிக்கொண்டு திரும்பி வந்தார்.

இறங்கியதும் என்னிடம்தான் கேட்டார், "எங்கை எரியுது?"

"நீங்கள் இருந்த இடத்திலைதான்" என்றேன். முகம் காட்டவில்லை.

உள்ளே போய்ப் பார்த்து, தீ இல்லை, குளவி அடங்கும்வரை மண்டபத்துக்குள் ஒருவரும் போகக் கூடாது என்று தடை போட்டார். படைவீரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை.

"எதிர்ப்பு வாக்கைப் போடாமல் நான் வீட்டை போகமாட்டன்."

4. ஐந்தே முக்கால் பஸ்

மழை கொட்டியது. கூட்டம் முடியவில்லை, இடைநிறுத்தம்தான் என்று தலைவி அறிவித்தார். மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. எல்லாரும் ஒன்றாக ஒதுங்குவதற்கு எதிரே நின்றது ஒரே ஒரு வாகனம். நான் போகிற அந்தச் சின்ன பஸ்.

"உள்ளுக்கை ஏறுங்கோ. அங்கை வைச்சே முடிப்பம்" என்றார் தலைவி.

எல்லாக் கூட்டத்துக்கும் வந்து இலவசக் கோப்பி குடிக்கிற பென்சன்காரர் ஒருவரும் கூடவே ஏறினார். அவர்தான் எங்கள் பொதுமக்கள். ஆதரவுக்காரர் ஐந்து பேரும் ஓடிப்போய் இருக்கை பிடித்தார்கள். எதிர்ப்புக்காரருக்கு பஸ்ஸில் ஏறிப் பழக்கமில்லை. ஆறு பேரும் நின்றார்கள்.

பஸ்ஸின் சாரதி ஸ்ரீ அண்ணை. சாவகச்சேரிக்காரர். டோர்ட்மண்டில் பல வருடம் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்று, பிறகு பஸ் ஓட்டப் படித்தவர். ஒரு நிமிடம் பிந்தினால் அவருக்குக் காய்ச்சல் வரும். தலைவியும் பென்சன்காரரும் உட்படப் பன்னிரண்டு பேரையும் டிக்கெட் எடுக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். தீயணைப்பு உடுப்பில் காசு இல்லாமல் நின்ற ஹெர் வோலருக்குத் தலைவிதான் எடுத்துக் கொடுத்தார். நான் மாத டிக்கெட்காரி.

பிறகு அண்ணை கதவைச் சாத்தினார்.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. குழுக் கூட்டம் நடக்குது" என்றேன்.

"ஏலாது பிள்ளை. நேரம் வந்திட்டுது."

"உங்கடை பஸ்ஸை நிப்பாட்டுறதோ எண்டுதான் அவை கதைக்கினம்!"

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். அதுவரைக்கும் நான் நேரத்துக்குத்தான் போவன்."

"என்ன சொல்லுறார்?" என்று தலைவி கேட்டார்.

"வாகனம் குறித்த நேரத்தில் புறப்படுமாம்."

புறப்பட்டது. ஹெர் வோலரின் தலைக்கவசம் கூரையில் டொக்கென்று முட்டியது.

ரயில் நிலையத் தரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் போலந்துக்காரி டனூட்டா. தினமும் எனக்கு முன் இருக்கையில் இருந்து நித்திரை கொள்கிறவள். ஹெர் வோலரைக் கண்டதும் கண்ணை அகல விரித்தாள்.

"முதலாளி! நீங்கள் பஸ்ஸிலையோ? எங்கை தீ?"

"தீயொண்டும் இல்லை. நீங்கள் எங்கை போறியள்?"

"உங்கடை மாட்டிலை பால் கறக்கத்தான்."

"இதிலையோ?"

"வேறை எதிலை? மூண்டு வருசமா இதிலைதான் வாறன்."

ஹெர் வோலர் தலைக்கவசத்தைக் கழற்றினார். டனூட்டாவுக்கு அன்றைக்கு இருக்க இடமில்லை, கம்பியில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிழங்கு வயல் வளைவு நெருங்கும்போது தலைவி இருக்கையில் இருந்தபடியே உரத்துக் கேட்டார், "பஸ்ஸை நீடிக்க ஆதரவானவர்கள் கையை உயர்த்தவும்."

ஐந்து கைகள் இருக்கையிலிருந்து எழும்பின. பஸ் வளைந்தது. நின்றவர்கள் ஆறு பேரும் மேல் கம்பியை எட்டிப் பிடித்தார்கள்.

"பதினொன்று. ஏகமனம்" என்றார் தலைவி.

"இல்லை! நான் கம்பியைப் பிடிச்சிருக்கிறன்!" என்று ஹெர் வோலர் கத்தினார்.

"அப்ப கையை இறக்குங்கோ."

இறக்கினார். ஸ்ரீ அண்ணை பிறேக் போட்டார். ஹெர் வோலரின் இரண்டு கையும் கம்பிக்குப் போயின.

"இப்ப ரெண்டு வாக்கோ?" என்றார் எங்கள் பொதுமக்களான பென்சன்காரர்.

"அண்ணை!" என்றேன் நான்.

"நான் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. முன்னாலை ட்ராக்டர்."

உண்மைதான். கிழங்கு ஏற்றிய ட்ராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டு போனது. அதன் பின்பலகையில் ஹெர் வோலரின் பண்ணைப் பெயர் எழுதியிருந்தது. பதற்றத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, முகத்தைக் குறிப்புக் கொப்பிக்குள் புதைத்துக்கொண்டேன்.

5. கைகள்

குறிப்பில் நான் கண்டதையே எழுதினேன்: உயர்ந்த கைகள் பதினொன்று, அவற்றில் ஆறு கம்பியைப் பிடித்திருந்தன. அடுத்த நாள் எங்கள் சட்டப் பகுதி அந்த வாக்கெடுப்பை ரத்துச் செய்தது. அறிவித்த இடத்தில் கூட்டம் நடக்கவில்லை, நடந்த இடம் நகர்ந்துகொண்டிருந்தது என்று எழுதினார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதினொன்றில் ஆறு கழிந்தால் மிச்சம் ஐந்து. ஐந்தை வைத்துக்கொண்டு பஸ் ஓடாது. வேலையை விடுகிற கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட யோசித்துப் பார்த்தேன்.

மாத முடிவுக்குள் மீண்டும் கூட்டம். குளவிகள் சட்டப்படி எங்கள் மண்டபத்தில் இருந்தன, ஆகவே ஹெர் வோலரின் கிராமத்துத் தீயணைப்பு நிலையத்தில் மேசை போட்டோம். அங்கே ஆடுகிற பொருள் எதுவும் இல்லை, பிடிக்கக் கம்பியும் இல்லை.

"ஆதரவானவர்கள் கையை உயர்த்தவும்."

ஐந்து கைகள். நான் பேனையை இறுகப் பிடித்தேன். ஆறாவதாக ஒரு கை எழும்பியது. உள்ளங்கை விரியவில்லை, கம்பியைப் பிடித்த மாதிரி மூடிய கை. ஹெர் வோலரின் கை.

எதிர்ப்புப் பக்கம் ஒரே சலசலப்பு. தலைவிக்கும் நம்பிக்கை வரவில்லை.

"ஹெர் வோலர், எதையும் பிடிச்சுக்கொண்டிருக்கிறியளோ?"

"இல்லை. என்ர மாடுகளை ஆர் கறக்கிறது?" என்றார் அவர். "எழுதுங்கோ."

எழுதினேன். அன்றைக்கு மட்டும் முகம் காட்டினேன், யாரும் கண்டிக்கவில்லை. கூட்டம் கலைந்து தரிப்புக்கு ஓடியபோது ஸ்ரீ அண்ணை கதவைத் திறந்தபடி நின்றார்.

"என்னவாம்?"

"ஆறுக்கு அஞ்சு, அண்ணை. பஸ் ஓடும்!"

"அப்ப கெதியா ஏறுங்கோ. நேரம் வந்திட்டுது."

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதில் நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். ஒரு பஸ்ஸைப் பற்றி, மதகைப் பற்றி, எதைப் பற்றியும் குழு முடிவெடுக்கப் போகிறது என்றால், முதலில் அவர்களை அதற்குள் ஒருதரம் ஏற்றிவிடுங்கள். பிறகு கையை எண்ணுங்கள். எண்ணும்போது அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்றும் பாருங்கள்.