பஞ்சுக்கைக்காரரின் நடுக்கம்

அந்தத் தெருவில் அவரைப் பஞ்சுக்கைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சவரக்கத்தி கன்னத்தில் இறங்குவதே தெரியாது, பஞ்சால் ஒற்றி எடுப்பது போலிருக்கும் என்று யாரோ சொல்லப்போக அது ஒட்டிக்கொண்டது. சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வேலை நடக்கும், மற்றதில் காத்திருப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். கூட ஓர் ஆளைப் போடச் சொன்னால், "என் கத்தியை இன்னொருத்தர் கையில குடுத்துட்டு நான் எங்க போய் நிக்கிறது?" என்பார். கைமேல் அவ்வளவு கர்வம். கர்வப்படத் தகுந்த கைதான்.

இளைப்பு நோய் அவருக்கு வெகுகாலமாக உண்டு. மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவருக்கு மருந்து வருடக்கணக்கில் ஓடியது. காலையும் இரவும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் நகர்வாள். போன மழைக்காலத்தில் மூச்சு முட்டியபோது நெஞ்சு டாக்டர் ஒருவர், வாயில் வைத்து இழுக்கும் பம்பு ஒன்றைக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அவள் ஒப்பாரி வைக்காத குறை. "பம்பைத் தொட்டவங்க யாரும் அதை விட்டதில்ல. கடைசி காலத்துல குடுக்கிறது அது," என்று சொல்லி, அதைத் தொடுவதில்லை என மகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவரும் தலையை ஆட்டிவிட்டார். பெண்சாதி அழுதால் உலகத்தையே எழுதிக் கொடுத்துவிடுகிற ஜாதி.

கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். டம்ளரைக் கீழே வைக்கும்போது தண்ணீர் தளும்பியது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை என்றார். கண் சிவந்து கிடந்தது. அத்தோடு புதிதாக ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழைகிறவர் நேராகக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். ஒருநாள் மதியம் அவள் சலூனுக்குப் போனபோது முன்னால் யாரும் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்துகொண்டு வந்தவர் அவளைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம் வாய் கொப்பளித்ததுதான்.

அவள் குடிகாரனின் மகள். சாத்திய கதவு, கழுவிய வாய், சிவந்த கண், நடுங்கும் கை என்று எல்லாவற்றையும் பாவாடை கட்டுகிற வயதிலேயே படித்துத் தேறியவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாயில் வாடை அடிக்கவில்லையே என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அதற்குத்தானே கொப்பளிக்கிறார் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். அம்மா கேட்டு வாங்கிய அடி அவளுக்கு நினைவிருந்தது. இவர் கை ஓங்குகிறவர் இல்லை என்று தெரியும், ஆனாலும் வாய் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் காதோரம் கத்தி கிழித்தது. நல்ல மனிதர், படிகாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த வாரம் எதிர் வரிசை சலூனில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் போனால் நாலு பேர் போவார்கள். பஞ்சுக்கைக்காரர் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் வேலை செய்த சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுநாளே ஒரு பட்டை மாத்திரை கொண்டுவந்தாள். "குடியை நிறுத்துற மாத்திரை. எங்க வீட்டுக்காரர் இதுலதான் திருந்தினாரு. பொடி பண்ணி டீயில போட்டுடு. சொன்னா குடிக்க மாட்டாங்க."

அவள் போட்டாள். ஸ்பூனின் முதுகால் நசுக்கி, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக விட்டு, சிரித்த முகத்தோடு கொடுத்தாள். புருஷனைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு அந்தச் சிரிப்பில் நிஜமாகவே இருந்தது.

நடுக்கம் குறையவில்லை, கூடியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. மாத்திரையோடு சாராயம் குடித்தால் வாந்தி வரும் என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஆகவே குடிப்பது உறுதியாயிற்று என்று அவள் ஒருநாளும் விடாமல் போட்டாள். ஒரு முற்பகலில், யாரோ ஒருவர் முகத்தில் நுரை பூசியபடியே, பஞ்சுக்கைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சலூனிலேயே சரிந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடி வந்தபோது இதயம் தறிகெட்டு ஓடுவதாகத் திரையில் கோடுகள் காட்டின. இளம் பெண் டாக்டர் கட்டிலருகே நின்று கேட்டார். "ஐயா, இளைப்புக்கு என்னென்ன எடுக்கிறீங்க? மறைக்காம சொல்லுங்க. இல்லேன்னா நான் குருட்டுத்தனமா ஊசி போடணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பையைக் காட்டினார். டாக்டர் எடுத்தது பம்பு.

"கடையில வச்சு இழுப்பேன்மா. இழுத்துட்டு வாய் கொப்பளிக்கணும்னு சொன்னாங்க. மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க. அதை நிறுத்த முடியல. இவ கையால குடுக்கிறது, எப்படி வேண்டாம்னு சொல்ல?"

"ரெண்டும் சேர்ந்தா கை நடுங்கும், படபடக்கும், தூக்கம் வராது. ஆனா இவ்வளவு மோசமாகாதே. வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா," என்றார். அவருக்குத் தெரிந்த அளவில் அது உண்மை.

அவள் வாயைத் திறந்தால் இத்தனை வருட வாழ்க்கை போகும். திறக்காவிட்டால் ஆளே போய்விடுவார். டாக்டர் ஊசி மருந்து எடுக்கத் திரும்பினார்.

"நான் குடுத்தேன்மா," என்றாள். "குடியை நிறுத்துற மாத்திரை. டீயில."

டாக்டர் கோபிக்கவில்லை, அவசரமாக நர்ஸிடம் எதையோ மாற்றச் சொன்னார். பிறகுதான் இவள் பக்கம் திரும்பினார். "இளைப்பு மாத்திரை உடம்பை விட்டு வெளியே போகணும். நீங்க குடுத்தது அதைப் போகவிடாம தடுத்திருக்கு. தினமும் உள்ளேயே சேர்ந்து விஷமாயிடுச்சு. இப்பவாவது சொன்னீங்களே."

சாயங்காலத்துக்குள் திரையில் ஓட்டம் மட்டுப்பட்டது. ஆபத்து தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அவள் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் உட்காரத் துணியவில்லை.

"நான் குடிக்கிறேன்னு நெனச்சியா?" என்றார் அவர்.

"ஆமா."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா பம்பை இழுக்கிறேன்னு சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு அது நல்ல சந்தர்ப்பம். சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் மொத்தப் பாவமும் அவள் தலையில் இறங்கியிருக்கும்.

"இல்ல," என்றார். "சொல்லியிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.