வெள்ளை ரிப்பனும் அத்தையின் கத்தரியும்

தையல்கார அத்தையின் கத்தரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. காகிதம் வெட்டக் கேட்டுப் போன அண்ணி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

அந்த அத்தையிடம்தான் கல்யாணப் பெண்ணான அண்ணன் மகள் வந்து நின்றாள்.

"பிரான்ஸ்ல கல்யாணப் பொண்ணு போற வழியில குழந்தைங்க வெள்ளை ரிப்பன் பிடிப்பாங்களாம். அதை வெட்டிட்டுத்தான் போகணுமாம். கத்தரி நீங்கதான் தரணும் அத்தை."

ரிப்பனும் துணிதானே என்று அத்தை தலையாட்டிவிட்டார்.

கல்யாணத்தன்று தெருவின் குறுக்கே குழந்தைகள் ரிப்பனை இழுத்துப் பிடித்தார்கள். அத்தை அதைத் தடவிப் பார்த்ததுதான் தாமதம், கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பிளாஸ்டிக்குடி இது! கத்தரி மொட்டையாயிடும்."

"அங்க மாப்பிள்ளை காத்துட்டு நிக்கிறாரு அத்தை!"

"நிக்கட்டும். இப்பவே பழகிக்கட்டும்."

கெஞ்சிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அத்தை பார்த்துப் பார்த்துத் தைத்த, உடம்போடு ஒட்டிய கவுனை முழங்கால்வரை சுருட்டினாள்.

"சரி, தாண்டிக் குதிச்சுடுறேன்."

"அடிப்பாவி, தையல் பிரிஞ்சிடும்!"

மறுகணம் ரிப்பன் இரண்டு துண்டாகக் கிடந்தது. மணப்பெண் வெட்ட வேண்டியதை அத்தையே வெட்டிவிட்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையை நோக்கி நடந்தாள். அத்தையோ கத்தரியின் முனையை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, ரிப்பன் வாங்கி வந்த அண்ணனைக் கூட்டத்தில் தேட ஆரம்பித்தார்.