உப்புத் தண்ணீர் என்று நான் சொன்னது

எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு விட மனமில்லாதவர்கள் "மாட்டேன்" என்று சொல்வதில்லை. "தண்ணி உப்பு, உங்களுக்கு ஒத்துக்காது" என்பார்கள். தோல் கம்பெனிக் கழிவு இறங்கிப் பாதிக் கிணறு கெட்டுப்போன ஊர் இது. அதனால் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். யாரிடம் சொல்லக் கூடாதோ அவளிடம் போய்ச் சொன்னேன்.

அவள் என் கூட்டாளி. பதினெட்டு வருடமாக இரண்டு பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போடுகிறோம். மேல்தோலை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஒரு ஜோடியை ஒருத்தியேதான் தைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். நூலை இழுக்கும் இழுப்பு கைக்குக் கை மாறும்; ஒரு கால் இறுக்கமாகவும் ஒரு கால் தொளதொளவென்றும் வந்துவிடும். நாங்கள் அந்தச் சட்டத்தை மதித்ததே இல்லை. இடது கால் எனக்கு, வலது கால் அவளுக்கு. ஒரு தடவைகூட மூட்டை திரும்பி வந்ததில்லை.

மதியத் தொழுகை நேரம் வந்தால் பின்பக்கக் குழாயில் வாய் கொப்புளித்து, முகம் கைகால் கழுவிக்கொண்டு வந்து உள்ளறையில் பாயை விரிப்பாள். நான் டிவியை நிறுத்திவிட்டு, சுவரில் இருக்கும் சோளிங்கர் சாமி படத்தின் மேல் ஒரு துண்டைப் போடுவேன். அவள் கேட்டதில்லை, நானாகச் செய்ய ஆரம்பித்தது. முடிந்ததும் அவளே துண்டை எடுத்து மடித்து வைப்பாள். "ரொம்ப நேரம் மூடி வெச்சா உங்க சாமிக்குப் பேஜாரா இருக்கும்க்கா" என்பாள்.

போன வெயில் காலத்தில் அவள் குடியிருந்த வீட்டை உடையவர் விற்றுவிட்டார். அதே சமயம் எங்கள் பின்பக்கப் போர்ஷன் காலியாக இருந்தது. நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பின்னாடி யாருக்காச்சும் சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"இல்லியே."

"அப்ப எனக்குக் குடுங்க. ஆலங்காயத்துலேர்ந்து பொண்ணு தலப்பிரசவத்துக்கு வர்றா. அவளைக் கூட்டிக்கினு நான் எங்க போவேன்?"

"உனக்கு இல்லாமயா?" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். அவன் வேலை பார்ப்பதே ஒரு முஸ்லிம் பாயோட தோல் கம்பெனியில்தான். முதலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் பிரியாணி டப்பாவோடுதான் வீட்டுக்கு வருவான். அவன் சொன்னான்:

"ஒருத்தருக்கு விட்டா போதும்மா. கொஞ்ச வருஷத்துல தெருவே அவங்க கைக்குப் போய்டும்."

"அவதான்டா வர்றா. அவளும் பொண்ணும்."

"இன்னிக்கு அவ. நாளைக்கு யாரு?"

போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஏதோ கூட்டம், ஏதோ கத்தல்.

"இது எந்த ஊருடா?"

"எந்த ஊரா இருந்தா இன்னா?"

மறுநாள் அவள் வேலை முடிந்து போன பிறகு, தெருவில் ஆடிக்கூழ் ஊற்றுவதை முன்நின்று நடத்துகிற இரண்டு பேர் வந்தார்கள். மகன்தான் சொல்லியிருக்க வேண்டும். "பெரியம்மா, உங்க வீடு, உங்க இஷ்டம். தெருவுல இருக்கிறவங்க மனசையும் கொஞ்சம் பாக்கணும், அவ்ளோதான்" என்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளி மனிதர்கள் முன்னால் எனக்கு எப்போதுமே நாக்கு உள்ளே போய்விடும். வீட்டுப் பத்திரம் என் பேரில் இருக்கிறது. அஞ்சாவது படித்தவள், அதில் நானே என் கையால் கையெழுத்துப் போட்டேன். இருந்தும் "சரிங்க" என்றுதான் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "வெள்ளையடிக்கிறத நானே பாத்துக்கிறேன்க்கா."

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "தண்ணி உப்பாய்ட்டுதும்மா. புள்ளத்தாச்சிக்கு ஆவாது."

"நேத்துகூட வாய் கொப்புளிச்சேனே!" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. மெழுகை எடுத்து நூலில் தடவிக்கொண்டே, "ஆமாம்க்கா. வெயில் காலம், உப்பாதான் ஆவும்" என்றாள்.

என் பொய்க்கு அவளே முட்டுக் கொடுத்தாள். இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கும்போது அது நினைவுக்கு வந்தால் எழுந்துவிடுகிறேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் பின்பக்கம் வரை போய், குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஓடு போட்ட ஒரே அறை அவளுக்குக் கிடைத்தது. பெண்ணைக் கூட்டி வர முடியவில்லை. பிரசவம் மாமியார் வீட்டிலேயே ஆனது. "அந்த வீட்டுல போய்த் தொழுதியே, பாத்தியா? அவங்க எல்லாம் அப்படித்தான்" என்று அவள் அண்ணன் சொன்னாராம். "அவங்க" என்ற சொல் என் மகன் வாயிலிருந்தும் அப்படியேதான் வந்தது.

மூட்டை என் வீட்டுக்குத்தான் வருகிறது என்பதால் அவள் வருவது நிற்கவில்லை. ஆனால் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மதியத் தொழுகைக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள், அந்த வெயிலில். துண்டு மடித்தபடியே அலமாரியில் கிடக்கிறது.

பின்பக்கத்துக்கு மகன் மூன்று குடும்பங்களைக் கூட்டிவந்தான். மூன்று பேரிடமும் தண்ணீர் உப்பு என்றேன். "நம்ம ஆளுங்கம்மா இவங்க!" என்று பல்லைக் கடித்தான். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போன வாரம், முதல் தடவையாக மூட்டை திரும்பி வந்தது. இடது கால் எல்லாம் தொளதொளவென்று இருந்தது. ஏஜென்ட் கத்திவிட்டுப் போனார். அவள் என் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்க்கா."

"பூட்டித்தான் வெச்சிருக்கேன். வீடு என் பேர்ல இருக்கு. வந்துடு."

"அன்னிக்கு இதச் சொல்லியிருந்தா எம் பேரன் இங்க பொறந்திருப்பான்." நூலை இழுத்து அறுத்தாள். "இப்ப அவனைத் தூக்கிக்கினு உங்க தெருவுல நடக்க எனக்குத்தான் பயமா இருக்குது."

எனக்குத் தொண்டை வறண்டுபோனது. அவள் பாட்டிலை நீட்டினாள். ஒரு வாய் குடித்தேன். உப்பு. கேட்டுக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே தண்ணீர் உப்பு.

மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் பின்பக்கக் குழாயில் பாட்டிலை நிறைத்துக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே குடிக்கவும் இல்லை. வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொண்டு போனாள். வழியில் குடித்தாளா, ஊற்றிவிட்டாளா, தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.