மைக் செட் மகாரியோ

உங்கள் கடவுளுக்குக் காது கேட்குமா? கேட்கும் என்றால், கூரைமேல் எதற்கு ஐயா இரண்டு கூம்பு ஸ்பீக்கர்?

மகாரியோ குட்ஸாலிடம் இதைக் கேட்டால் உடனே பதில் வராது. யாரோ கொண்டுவந்த பழைய வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, மற்றக் கையால் உங்களை அமர்த்துவார். "பேசாதீங்க, அது பேசட்டும்." வானொலியோ, மிக்ஸியோ, தண்ணீரில் விழுந்த கைபேசியோ, சாந்தா இனேஸ் பேருந்து நிலையத்தில் அவர் பெட்டிக்கடைக்கு எது வந்தாலும் முதல் மரியாதை அதற்குத்தான். என்ன கோளாறு என்று வாடிக்கையாளர் விளக்க ஆரம்பித்தால் முகம் சுளிப்பார். பழுதானதைக் கேட்காமல் பழுதைப் பற்றிப் பேசுகிறவர்களால்தான் குவாத்தமாலா இப்படி இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். சட்டைப் பையில் வேதப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்திருக்கிறார். அந்த நகத்தால் ஸ்பீக்கரின் காகிதத்தைச் சுண்டிப் பார்த்து, "இதுக்குச் சளி," "இதுக்குச் சாவு" என்று தீர்ப்புச் சொல்வார்.

பதினெட்டு வருடம் நித்திய ஊற்று சபையின் மைக் செட் அவர் கையில் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர், அதன் பின்னால் மகாரியோ. ஆராதனை தொடங்குமுன் மைக்கைப் பிடித்து, உலகமே சொல்லும் ஒன்று இரண்டை விட்டுவிட்டு, "உப்பு, சோளம், சுண்ணாம்பு" என்பார். ஏன் இப்படி என்று கேட்ட பாஸ்டருக்கு அவர் சொன்ன விளக்கம்: தினம் வாயில் புழங்கும் சொல் தெளிவாக விழுந்தால், வேத வசனமும் தெளிவாக விழும்.

சபை இருக்கும் அந்தச் சந்தில் முந்நூறு அடிக்குள் ஐந்து சபைகள். குடிநீர்க் குழாய் ஒன்று. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஸ்பீக்கர்களில் தினமும் வெள்ளம். ஒரு சபை புதிதாக ஒரு பெட்டி வாங்கினால் மற்ற நாலும் உபவாச ஜெபம் வைத்து இரண்டு பெட்டி வாங்கும். வெளியூர் ஆட்கள் வழி கேட்டால் தெருப் பெயரெல்லாம் யாரும் சொல்வதில்லை. "பஸ்ஸவிட்டு எறங்கி, சத்தத்தப் பிடிச்சிக்கிட்டே மேல வாங்க" என்பார்கள். அப்படி வந்து தவறியவர் கிடையாது.

நித்திய ஊற்றின் பாஸ்டர் ஒத்தோனியேல் நெட்டையானவர், நல்ல குரல். மெய்யான ஆராதனை என்றால் முழு பலத்தோடு செய்வது என்று நம்பினார். முழு பலம் என்பதை அவர் வாட்ஸ் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஊருக்குப் பின்னால் நிற்கும் எரிமலைக்கு எட்ட வேண்டும், சதுக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலின் மணி கூசிப்போக வேண்டும். "இன்னும் ஏத்துங்க பிரதர், வானம் திறக்கட்டும்" என்று மேடையிலிருந்து சைகை காட்டுவார். மகாரியோ ஏற்றுவார்.

பாட்டு உச்சிக்குப் போகும்போது சபை முழுவதும் கண்ணை மூடும். கைகள் உயரும், சிலர் அழுவார்கள், சிலர் விழுவார்கள். மகாரியோவின் கண் மட்டும் திறந்தே இருக்கும். மூடினால் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிவது எப்படித் தெரியும்? ஆனால் மூப்பர்களுக்கு அது உறுத்தல். பாடகர் குழுவில் ஊதா உடுப்புப் போட்டுப் பாடும் அவர் மனைவி தெல்மாவிடம் ஜாடையாகக் கேட்பார்கள். தெல்மா அதற்குச் சளைத்தவளல்ல. "அவரும் கண்ண மூடிட்டா ஒங்க பாட்ட யாரு கேக்குறது?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கணவனைப் பிடித்துக்கொள்வாள். ஒரே ஒரு தடவை, பேருக்காவது, கையைத் தூக்கித் தொலைத்தால் என்ன?

சபைச் சுவரும் பெர்னார்தா ஷிகாயின் வீட்டுச் சுவரும் ஒன்றேதான். இந்தப் பக்கம் டிரம்ஸ். அந்தப் பக்கம் அவர் கட்டில். பத்தொன்பது வருடம் பள்ளத்தாக்கில் இருந்த ஓர் ஆயத்த ஆடை ஆலையில் காற்சட்டைக்குப் பை தைத்தவர் அந்த அம்மாள். நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்து மூச்சிரைக்கத் தொடங்கியதும் ஆலை மருத்துவர் ஒவ்வாமை என்று ஒரு சீட்டு எழுதினார். ஆலை இன்னொரு சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியது. பத்தொன்பது வருட உழைப்புக்கு இரண்டு சீட்டு. இந்த அக்கிரமத்தைப் பற்றி ஐந்து சபைகளில் ஒன்றில்கூட ஒரு பிரசங்கம் கிடையாது. நரகத்தைப் பற்றி வாராவாரம் உண்டு. அது தொலைவில் இருக்கிறது, அதைத் திட்டினால் யாருக்கும் வேலை போகாது.

பெர்னார்தா கத்தோலிக்கர். மரியாதைக்கு ஸ்பானிஷ், திட்டுவதற்கு மாயர்களின் கக்சிக்கேல் என்று இரண்டு மொழி வைத்திருப்பவர். ஒருநாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, கொஞ்சம் குறைத்து வைக்கும்படி பாஸ்டரிடம் ஸ்பானிஷில்தான் கேட்டார். ஒத்தோனியேல் கெட்ட மனிதரல்ல, சிக்கலே அதுதான். துதியின் சத்தத்தைத் தாங்காதது அந்த அம்மாள் அல்ல, அவருக்குள் புகுந்திருக்கும் ஏதோ ஒன்று என்று அவர் மனமார நம்பினார். மறுநாள் நாலு மூப்பர்களோடு வந்து அவர் வாசலில் நின்று ஒருமணி நேரம் ஜெபித்தார். கையில் மைக்கோடு.

அதற்கடுத்த சனிக்கிழமை பெர்னார்தாவின் வானொலி வாயடைத்துப் போனது. மகாரியோ பழுது பார்க்கப் போனார். கட்டிலில் உட்கார்ந்து பின்மூடியைக் கழற்றி, வானொலியைக் காதில் வைத்தபோது சுவருக்கு அப்பால் தெல்மாவின் குழு ஒத்திகையைத் தொடங்கியது. வானொலியின் முனகல் போன இடம் தெரியவில்லை. தட்டில் வைத்திருந்த திருகாணிகள் தாமாக நகர்ந்து ஒன்றோடொன்று மோதின. பதினெட்டு வருடம் அந்தச் சத்தத்தை அவர் உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால், அந்த அம்மாளின் நெஞ்சுக்கூடு டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் பெர்னார்தா கேட்டார்:

"ஏம்பா அல்லேலூயா, ஒங்க ஆண்டவருக்குக் காது மந்தமா?"

"இல்லம்மா."

"அப்ப எனக்குத்தான் மந்தம்னு நெனச்சிட்டீங்களாக்கும்."

மகாரியோ வானொலியைச் சரிசெய்தாரா என்பது ஞாபகமில்லை என்கிறார். அன்று மாலையே கூரையேறி இரண்டு கூம்புகளுக்கும் போகும் ஒயரை வெட்டினார் என்பது ஞாபகமிருக்கிறது. உள்ளே பெர்னார்தாவின் சுவரோரம் நின்ற பெரிய ஸ்பீக்கர் பெட்டியை எதிர்ப்பக்கம் நகர்த்தி, சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். பிறகுதான் அவர் தொழில் மூளை வேலை செய்தது. பாடகர்கள் காலடியில், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் சின்னப் பெட்டிகளை நன்றாக ஏற்றிவிட்டார். பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் இடியாகக் கேட்கும். வெளியே தெருவில் ஒரு முணுமுணுப்பு.

பதினொரு வாரம். பெட்டி இடம் மாறியதைக் கண்டார்கள், சத்தம் குறைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அதே கண்ணீர், அதே அல்லேலூயா, அதே விழுதல். பாஸ்டர் இன்னும் ஏற்றச் சொல்லிக் கை காட்டுவார். மகாரியோ பாஸ்டரின் காலடிப் பெட்டியை ஏற்றுவார். "இன்னைக்கு மலையே அதிர்ந்திருக்கும் பிரதர்!" என்று ஒத்தோனியேல் வியர்வையைத் துடைப்பார். கூரைக் கூம்பு நன்றாகப் பாடுகிறதா என்று ஒருதரம் நேராகவே கேட்டார். "எல்லாம் நல்லபடியா இருக்கு, பாஸ்டர்" என்றார் மகாரியோ. பொய்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பெர்னார்தா ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தூங்கக் கற்றுக்கொண்டார்.

சபையின் ஆண்டு விழாவுக்குத் தலைநகரிலிருந்து பெரிய பிரசங்கியார் ஒருவரை அழைத்திருந்தார்கள். வழி கேட்டவருக்கு வழக்கமான பதிலையே சொன்னார்கள்: சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மேலே வாங்க. வந்தார். சத்தத்தைப் பிடித்தார். அது சந்தின் கீழ்முனையில் இருந்த, நித்திய ஊற்றின் பரம எதிரியான சீயோன் கோட்டை சபையின் சத்தம். அவர்களும் வந்தவரை யாரென்று கேட்காமல் மேடையேற்றி விட்டார்கள். மேலே முந்நூறு பேர் கோழிக்குழம்பு ஆறிப்போகக் காத்திருக்க, கீழே அவர் இரண்டுமணி நேரம் பொழிந்து தள்ளினார். அந்தப் பிரசங்கத்தில் பதினாறு பேர் மனந்திரும்பினார்கள் என்பதுதான் பாஸ்டரால் தாங்கவே முடியாத செய்தி.

கூரைமேல் ஆள் ஏறியது. வெட்டிய ஒயர் அகப்பட்டது.

விசாரணை மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையார் முன்னிலையிலேயே நடந்தது. அங்கே ஒழுங்கு நடவடிக்கை என்றால் கடைசி பெஞ்சு. மூன்று மாதமோ ஆறு மாதமோ அங்கே உட்கார வேண்டும். பாடக்கூடாது, ஊழியம் எதையும் தொடக்கூடாது, திருவிருந்து கிடையாது. மகாரியோவுக்கு அந்த மேசையைவிட்டால் சபையில் வேறு இடமே இல்லை. அவருக்கு ஜெபிக்க நா எழாது, பாட வராது. கூம்பில் ஒயரை மறுபடி மாட்டி, சபையாரிடம் மன்னிப்புக் கேட்டால் மேசை அவருக்கே என்று மூப்பர்கள் இறங்கி வந்தார்கள். தெல்மா ஊதா உடுப்போடு மேடையிலேயே நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமல் அவர் பேசினார்.

"பொய் சொன்னது தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஒயரையும் இப்பவே மாட்டுறேன். சத்தம் முழுசா வைக்கிறேன். ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் பாஸ்டர் பெர்னார்தாம்மா வீட்டுல உக்காந்திருக்கணும். திரும்பி வந்து ஏத்துன்னா ஏத்துறேன், எறக்குன்னா எறக்குறேன்."

மூப்பர்கள் கொதித்தார்கள். மேய்ப்பனுக்கு ஆடு நிபந்தனை போடுவதா? ஒத்தோனியேல் அவர்களைக் கையமர்த்தினார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பயந்துவிட்டதாகச் சபை நினைத்துவிடக்கூடாது என்பதற்காகப் போனாரா, வேறு எதற்காகவாவது போனாரா என்பது இன்றுவரை சந்தில் வாதிடப்படும் விஷயம்.

மகாரியோ ஒயரை மாட்டி, பெரிய பெட்டியைப் பழைய சுவரோரத்துக்கே நகர்த்தி, எல்லாக் குமிழையும் ஏற்றினார். தெல்மா பாடினாள். ஏழு நிமிடப் பாட்டு.

அந்த ஏழு நிமிடத்தைப் பற்றிப் பிற்பாடு பெர்னார்தா மகாரியோவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: பாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஒன்று சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை காதருகே போய்ச் சொன்னேன்: "உக்காருங்க பாஸ்டர். வழக்கமா மூணு மணி நேரம்." எனக்காக ஜெபிக்க வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. தன் ஜெபம் தனக்கே கேட்காமல் நடுவில் நிறுத்திவிட்டார். அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன், அப்படியே வைத்திருந்தார். எனக்கு மூச்சுத் திணறியபோது மருந்தை எடுத்துத் தந்தார்.

திரும்பி வந்த ஒத்தோனியேல் மேடைக்குப் போகவில்லை. மூப்பர்கள் முன்பே எழுதிவைத்திருந்த தண்டனையை வாசலிலேயே நின்று படித்தார்: மேய்ப்பனிடம் பொய் சொன்னதற்காக, மகாரியோ குட்ஸாலுக்கு மூன்று மாதம் கடைசி பெஞ்சு. ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மூப்பர்களைப் பார்த்துக் கேட்டார்:

"கூம்பக் கழட்டணும். ஏணி எங்க இருக்கு?"

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து விருந்தாளிகளை இப்போது ஆள் போய் அழைத்துவருகிறார்கள். மற்ற நாலு சபைகளின் ஸ்பீக்கர்கள் அப்படியே அலறுகின்றன. ஆலை யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லவில்லை. பெர்னார்தாவுக்கும் மூச்சு பழையபடி திரும்பவில்லை. ஆனால் சுவரோரம் இருந்த கட்டிலை நகர்த்தச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றுவிட்டார். தெல்மாவின் குரல் பிடிக்கிறதாம், இப்போது கேட்க முடிகிறதாம். ஆனால் தெல்மா குறைவாகத்தான் பாடுகிறாள். மைக் செட் மேசையை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லி அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசி பெஞ்சு திறந்த வாசலை ஒட்டிக் கிடக்கிறது. மகாரியோ அதில் ஒரு காதைச் சபைக்கும் ஒரு காதைச் சந்துக்கும் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டு ஏறி ஏறிச் சுவரைத் தொடும் அளவுக்கு வரும்போது, அவர் வலது கை தலைக்குமேல் உயர்கிறது. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கிறது. தூங்கும் ஆளின்மேல் போர்வையைச் சமப்படுத்துவதுபோல் அது மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்குகிறது. மேசையில் தெல்மாவின் விரல் குமிழை அதே வேகத்தில் இறக்குகிறது.

வாசகரே, இந்த வாரம் உங்கள் சபையிலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ சத்தம் உச்சிக்குப் போகும்போது எழுந்து வெளியே வாருங்கள். சுவரை ஒட்டிய வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உள்ளே வரச் சொன்னால், ஒரு பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.